கந்தையா அண்ணையின் சுண்ணாம்புக் கோடு

ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது பாடசாலைக் காவலாளி வாசலில் வந்து நின்றார். "ரீச்சர், ரயர்க்கடைக் கந்தையா அண்ணை இண்டைக்கு விடிய காலமாயிட்டாராம்" என்றார். கரும்பலகையில் இழுத்த கோட்டுக்குக் கீழே எண் எழுத எனக்குக் கை வரவில்லை.

கந்தையா அண்ணை கொக்குவில் புகையிரதக் கடவைக்கருகே மோட்டார்ச் சில்லுகளுக்கு ஒட்டுப்போட்டுக் காற்றடித்தவர். ஊருக்கு அவர் அவ்வளவுதான். எனக்கோ வலது கண்ணைத் தந்தவர்.

இளவயதில் அவர் வாடகைக் கார் ஓட்டினார். வடமராட்சி மணலில் கார் புதையும்போது சில்லுகளின் காற்றைக் குறைப்பார், தார் வீதி வந்ததும் திரும்ப அடிப்பார். அந்தப் பழக்கம் எனக்கு உதவுமென்று அப்போது யார் கண்டார்?

பத்து வருடங்களுக்கு முன்னர் ஒரு மாரியில், வேலியிலிருந்து காற்றில் பறந்து வந்த பனங்கருக்குமட்டை என் கண்ணைக் கிழித்தது. மறுநாளைக்குள் கொழும்புக் கண் வைத்தியரிடம் போகாவிட்டால் கண் இல்லையென்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். புகையிரதப் பாதையோ வெள்ளத்தில் கிடந்தது. நல்லகாலமாக, காங்கேசன்துறைக்கருகே ஒரு வெளியில் இருவர் மட்டும் இருக்கக்கூடிய சிறு விமானம் ஒன்று நின்றது. அதன் விமானியான கொழும்புத் தமிழ் இளைஞர் என்னை ஏற்றிச்செல்லச் சம்மதித்தார். ஆனால் முதல் ஓட்டத்திலேயே சில்லுகள் ஈர மணலில் புதைந்துவிட்டன. யாரோ காரில் போய்க் கந்தையா அண்ணையைக் கூட்டிவந்தார்கள்.

கால்பம்பும் வெற்றிலைப் பையுமாக வந்தவர், குதிக்காலால் தரையை மிதித்துப் பார்த்தார்.

"தம்பி, காத்துக் கூடிப்போச்சு. குறைச்சால் சில்லு பரந்து நிக்கும், புதையாது."

"புத்தகத்தில இருக்கிற அளவுதான் வைச்சிருக்கிறன்."

"புத்தகம் எழுதினவர் உந்த மணலை மிதிச்சவரோ?"

பிறகு என்னிடம் திரும்பி, "பிள்ளை, உன்ரை நிறை எவ்வளவு?" என்றார்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "குமர்ப்பிள்ளையின்ரை நிறையைச் சபையிலை கேக்கிறியளே? நாவூறு படாதே?"

"நிறை தெரியாமல் காத்து வைக்கேலாது, அக்கா."

"தொண்ணூறு இறாத்தல்" என்றார் அம்மா, வாய் கூசாமல்.

கண் போகும் நேரத்தில் நாவூறு என்ன நாவூறு? "நூற்றி இருபத்தொண்டு" என்று உரத்துச் சொன்னேன். கூட்டம் சிரித்தது. "இப்பதான் கணக்குச் சரி" என்றார் அண்ணை.

என்னை ஏற்றி இருத்தி, காற்றைக் குறைத்தார். வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் தொட்டு, ரயரிலிருந்து சில்லின் இரும்புவரை ஒரே கோடாக இழுத்தார். விமானம் சிறிது தூரம் ஓடித் திரும்பியது. புதையவில்லை. ஆனால் ரயரிலிருந்த பாதிக் கோடு ஒரு விரற்கடை விலகியிருந்தது.

"ரயர் வழுக்குது. உப்பிடியே விட்டால் வால்வு பிடுங்குப்படும்."

எட்டுத்தரம் பம்பை மிதித்தார். மறுபடியும் கோடு, மறுபடியும் ஓட்டம். இம்முறை கோடு அசையவில்லை. குனிந்து பார்த்த விமானி கையிலிருந்த புத்தகத்தை மூடினார்.

"கொழும்பிலை தரை இறுக்கம், தம்பி. இறங்கின உடனை உங்கடை புத்தக அளவுக்கு அடிச்சுப்போடுங்கோ. அங்கை அதுதான் சரி" என்றார் அண்ணை. வென்றவருடைய வாயில் அப்படியொரு சொல் வருவதை நான் அதிகம் கேட்டதில்லை.

விமானம் ஓடியது, துள்ளியது, வேலி எங்களுக்குக் கீழே போனது. கீழே நின்ற சனம் சால்வைகளைச் சுழற்றியது. அண்ணை மட்டும் கையை நெற்றிக்கு வைத்து, சில்லுகளையே பார்த்தபடி நின்றார்.

கொழும்பில் சத்திரசிகிச்சை முடிந்து, கண்கட்டு அவிழ்த்து ஊர் திரும்பிய அன்று நேரே அவருடைய கடைக்குப் போனேன். சுண்ணாம்பு தொட்டுத் தாழ்வாரச் சுவரில் ஒரு கோடு இழுத்து, "தெரியுதோ, பிள்ளை?" என்று கேட்டார். மற்றக் கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஓம் அண்ணை, தெரியுது" என்றேன். அதன்பின் எங்கே கண்டாலும், கோயில் வாசலென்றும் பாராமல், அதே கேள்விதான்.

நேற்று அவரை எடுத்துச் சென்றபின் கடைப்பக்கம் போனேன். கதவு சாத்தியிருந்தது. சுவரில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. இடக் கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன்.

தெரியுது, அண்ணை. போய் வாருங்கோ.