கரண்ட் இல்லாத நாளில் கிடைத்த குரல்

அனுசியா வாய் திறந்தால் தெருவுக்கே கேட்கும். அது பிறவிக் குணம் அல்ல. மம்சாபுரத்தில் பிறந்த வீட்டில் இருந்தவரை, இருக்கிற இடம் தெரியாத பெண்தான். சத்திரப்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பதினான்கு வருடங்களில், முன்கட்டில் பேண்டேஜ் துணி நெய்யும் நான்கு விசைத்தறிகளின் சத்தத்துக்கு மேலே ஏறிப் பேசிப் பேசி வந்த குரல் அது. கணவன் விஜயபாண்டியைச் சாப்பிடக் கூப்பிடுவதற்குக்கூட அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும்.

அந்தத் தறிகள் விஜயபாண்டியின் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தன. அனுசியா நர்ஸாக வேலை பார்க்கும் ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் காட்டியபோது, டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"இன்னும் ரெண்டு வருஷம் இந்தச் சத்தத்துல நின்னா, மிச்சம் இருக்கிறதும் போயிரும்மா."

எத்தனையோ பேரின் கண்ணீரைத் துடைத்த அந்த வராந்தாவில், அன்று அவள் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு தனியாக அழுதாள்.

வழி ஒன்று இருந்தது. அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவளுக்கு வேலை தரச் சம்மதித்திருந்தது. குடும்பத்தோடு போகலாம். தறியை நிறுத்திவிடலாம். நடுவில் நின்றது நர்ஸ்களுக்கான ஆங்கிலத் தேர்வு. எழுதுவது, வாசிப்பது, கேட்பது எல்லாம் தேறிவிட்டாள். பேச்சில் மட்டும் இரண்டு முறை தோற்றாள். மூன்றாவது முறையும் தோற்றால் அந்த இடம் வேறொருத்திக்கு.

கேள்விகள் ஒன்றும் கடினமில்லை. உங்கள் ஊர் எப்படி, மழைநாளில் என்ன செய்வீர்கள், பக்கத்து வீட்டார் எப்படி என்று முதலில் சாதாரணப் பேச்சு. பிறகு எதிரில் இருப்பவர் நோயாளியாக நடிப்பார். அவரிடம் நர்ஸாகப் பேச வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் வகுப்பு நடத்தும் தங்கபாய் டீச்சர் எல்லாவற்றையும் அட்டைகளில் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரே கூடத்தில் இருபது பேர் ஜோடி ஜோடியாகப் பேசிப் பழகும் வகுப்பு அது. அந்த இரைச்சலில் அனுசியாவின் குரல் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. முதல் தடவை தோற்றபோது டீச்சரே, "இன்னும் சத்தமா, தைரியமாப் பேசுங்க" என்றார். அப்படியே பேசினாள். இரண்டாவது தடவை மதிப்பெண் இன்னும் குறைந்தது.

வீட்டில் கேள்வி கேட்பது நாத்தனார் வெங்கடேஸ்வரி. ஆவணியில் கல்யாணம் நிச்சயமான பெண். தறிக்கான நூலைக் குச்சிகளில் சுற்றியபடியே, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு கத்துவாள்.

"மதினி! ரெய்னி டேல வாட் டூ யூ டூ?"

"ஐ டிரிங்க் ஹாட் காபி!"

தேர்வுக்கு முதல் நாள் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு. தெரு முழுக்கத் தறிகள் ஓய்ந்தன. எங்கோ ஒரு காக்கை கரைந்தது துல்லியமாகக் கேட்டது. இருவரும் பழக்கத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

"மதினி! டெல் மீ அபவுட் யுவர் நெய்பர்!"

"ஷி இஸ் வெரி குட்! ஷி ஹெல்ப்ஸ் மீ!"

அந்தக் குட் நெய்பர் மாரியாத்தாள், கையில் அரிவாள்மணையோடு எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏட்டி, கல்யாணம் வச்சிக்கிட்டு என்னட்டி சண்டை? தெருவே பாக்குது!"

"சண்டை இல்லக்கா, பரிச்சைக்குப் படிக்கோம்."

"படிக்கிற சத்தமா இது? ரெண்டு பேரும் முடியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கியன்னுல்லா வந்தேன்!"

வெங்கடேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். அனுசியாவுக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஆங்கிலம் தெரியாத மாரியாத்தாளுக்கே தன் குரல் சண்டையாகக் கேட்டிருக்கிறது. அப்படியானால் அந்தத் தேர்வறையில், பயந்த நோயாளியாக நடித்தவருக்கு? இரண்டு தடவையும் ஆறுதல் சொல்ல வேண்டியவரை மிரட்டிவிட்டு அல்லவா வந்திருக்கிறாள்!

"வெங்கடேசு, இன்னொரு தடவ கேளு. மெதுவா."

இந்த முறை குரலை இறக்கினாள். பதினான்கு வருடங்களுக்கு முன் மம்சாபுரத்தில் விட்டுவிட்டு வந்த குரல், கூச்சத்தோடு திரும்பி வந்தது. நின்றுபோன தறியருகே உட்கார்ந்திருந்த விஜயபாண்டி நிமிர்ந்தான்.

"ஏட்டி, இப்ப நீ பேசுனது எனக்குக் கேட்டுச்சு."

அனுசியா உடைந்துபோனாள். அந்தக் காதுகளில் இன்னும் உயிர் இருக்கிறது. கரண்ட் வரும்வரை, மாலை ஐந்து மணி வரைக்கும், சாப்பாடு, மழை, பண்டிகை என்று எல்லா அட்டைகளையும் அந்தக் குரலிலேயே பேசித் தீர்த்தாள்.

மறுநாள் மதுரையில் தேர்வறை. எதிரே இருந்த பெண் நோயாளியாக மாறி, "எனக்கு ஆபரேஷன் வேண்டாம், பயமாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அனுசியாவின் குரல் பழையபடி மேலே ஏறப் பார்த்தது. மனசுக்குள்ளேயே மெயின் சுவிட்சை இறக்கினாள். நாலு தறியும் நின்றன. எதிரே இருப்பது விஜயபாண்டி என்று நினைத்துக்கொண்டாள்.

"டேக் யுவர் டைம். ஐ ஆம் ஹியர்" என்றாள், தாழ்ந்த குரலில்.

இரண்டு வாரம் கழித்து, தறிகள் ஓடிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் செல்போனுக்கு முடிவு வந்தது. முன்கட்டுக்கு ஓடி வந்தவளுக்குப் பேச்சு எழவில்லை. கண்ணீர்தான் வந்தது. அதைப் பார்த்த விஜயபாண்டியின் முகம் வாடியது. தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு வந்து அவள் தலையில் கை வைத்தான்.

"போனாப் போகுதுட்டி. என் காதுக்காக நீ எம்புட்டு அழுவ? நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

அந்த அமைதியில் அவள் மிக மெதுவாகச் சொன்னாள்.

"பாஸாயிட்டேங்க."

அவன் அவள் பக்கம் குனிந்தான்.

"கேட்டுச்சு" என்றான். "இன்னொரு தடவ சொல்லு."

சொன்னாள். இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த பாறை உருண்டு போனதுபோல இருந்தது. தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வேளைகெட்ட வேளையில் தறி நின்ற அதிசயத்தைப் பார்க்க மாரியாத்தாள் வாசலில் வந்து நின்றாள்.

"என்னட்டி, கரண்ட் போயிருச்சா?"

அனுசியா பதில் சொல்வதற்குள், முதுகைக் காட்டி நின்ற விஜயபாண்டி திரும்பாமலே சொன்னான்.

"இல்லக்கா, நான்தான் நிறுத்துனேன்."