கொடிக்காலுக்கு ஆகாத சொட்டு மருந்து

என் மனைவியின் அண்ணனுக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அகத்தி மரங்களில் கொடி ஏறிப் படர்ந்து, நடுப்பகலிலும் உள்ளே மங்கலாகத்தான் இருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் அந்த அகத்திகளில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

"வர வர மரமெல்லாம் கிட்ட வருது மாப்ள" என்று என்னிடம் சிரித்தார். வலி கிடையாது, சிவப்பு கிடையாது. நேரே பார்த்து ஊசியில் நூல் கோத்துவிடுவார்.

மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, நரம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது. பார்வை ஓரத்திலிருந்து கரைந்து வந்தது. சொட்டு மருந்து கொடுத்தார்கள். அதைக் கண்ணில் விட்டால் கருமணி சுருங்கிவிடும். நிழலுக்குள் போனால் முற்றிய இலையும் கொழுந்தும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் இலை கிள்ளும் நாளில் மருந்தைத் தொடமாட்டார். கொடிக்கால்காரருக்கு இலை கிள்ளாத நாள் ஏது?

அடுத்த முறை போனபோது பார்வை இன்னும் குறுகியிருந்தது. புதிதாக லேசர் வந்திருப்பதாக டாக்டர் சொன்னார்.

"கத்தி இல்ல, தையல் இல்லய்யா. முகவாயை இந்த மெஷின்ல வச்சு உக்காந்தாப் போதும். தண்ணி வடியிற பாதையில ஒளியைப் பாய்ச்சிக் கொஞ்சம் சரிபண்ணிவிடுவோம்."

"போன பார்வை வந்துருமா?"

"வராதுய்யா. இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம். மருந்தும் விட்டுக்கிட்டே இருக்கணும்."

மச்சான் என்னைப் பார்த்தார். ஊரில் யார் எதை அழகாகச் சொன்னாலும் மனசில் சேர்த்து வைத்துக்கொள்கிறவன் நான். அன்றைக்கு அதில் ஒரு வார்த்தைகூட உதவவில்லை.

லேசர் முடிந்தது. அழுத்தமும் சற்று இறங்கியது. "லேசரே வச்சாச்சு, இனி மருந்து என்னத்துக்கு" என்று ஊரில் சொன்னார்கள். அவருக்கும் அது வசதியாகப் போயிற்று. பிரிக்காத மருந்துக் குப்பியை அவர் மனைவி என்னிடம் காட்டினார். "நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே."

கொடிக்காலுக்குப் போனேன். விரலால் தடவித் தடவி இலை கிள்ளிக்கொண்டிருந்தார். அருகே போய், "மருந்து விட்டீகளா மச்சான்?" என்றேன்.

"விட்டா இலை தெரியல. விடாட்டி கண்ணு போயிரும்ங்கிறாக. எதைச் செய்யட்டும், நீயே சொல்லு மாப்ள."

அவர் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் கிள்ளாமல் காத்திருந்தார். பிறகு எதிரே இருந்த கொடியைப் பார்த்துக் கேட்டார்:

"போயிட்டியா மாப்ள?"