கிணத்துத் தண்ணியும் மரீனா அக்காவின்ர எட்டுப் புள்ளியும்

விஞ்ஞானம் படிப்பிக்கிற தொழிலில ஒரு கரைச்சல் இருக்கு: புத்தகம் சொல்லுறதைப் பீக்கரும் சொல்லவேணும், சொல்லாட்டில் வகுப்பு முழுக்க எங்கட முகத்தைத்தான் பாக்கும். கரும்பலகைக்கு முன்னால நிண்டு வேர்த்த என்ர இனத்தவைக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மன்னார்த் தீவில ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில பத்து வருசமா நானும் வேர்த்துக்கொண்டிருக்கிறன்.

சீனித் தண்ணியில எரிஞ்ச பல்ப்

வந்த முதல் வருசம், அணுக்கள் இலத்திரனைப் பங்கிட்டு ஒட்டுற பங்கீட்டு வலுப் பிணைப்புப் பாடம். உப்புக் கரைசலில மின் பாயும், சின்ன பல்ப் எரியும். சீனிக் கரைசலில பாயாது, எரியாது. இது புத்தகம். நான் சீனித் தண்ணிக்குள்ள ரெண்டு கம்பியையும் விட்டன், பல்ப் எரிஞ்சுது. பிள்ளையள் சிரிச்சுதுகள். எனக்கு மூக்குக்கு மேல கோவம்.

ஆய்வுகூடத்தில சாமான் கழுவி அடுக்கிற மரீனா அக்காவிலதான் பாய்ஞ்சன். உப்புப் பீக்கரை ஒழுங்காக் கழுவேல்லை எண்டன். என்னைவிடப் பத்து வயசு மூத்த மனுசி, திரும்பக் கழுவிக் கொண்டுவந்து தந்தா. திரும்பவும் எரிஞ்சுது. நான் பெருநிலத்தில குளத்துத் தண்ணி குடிச்சு வளந்தவள், தீவுக் கிணறுகளின்ர உவர் எனக்கு என்னெண்டு தெரியும்? மூண்டாந்தரமும் கழுவி வைச்சுப்போட்டு அவா மெதுவாச் சொன்னா: “டீச்சர், பீக்கரை ஏசி என்ன, எங்கட கிணத்துத் தண்ணியை ஒருக்கா வாயில வைச்சுப் பாருங்கோ.”

மெழுகுப் பீக்கர்

அண்டையில இருந்து, பற்றரிக்கு விடுற காய்ச்சி வடிச்ச தண்ணிதான் எங்கட சீனிக்கு. மரீனா அக்காவில எனக்கு மரியாதையும் வந்திட்டுது. ஆனால் அந்த வேலை அவவுக்கு நிரந்தரமில்லை. சாதாரண தரச் சோதனையில விஞ்ஞானம் சித்தியடைஞ்சால்தான் நிரந்தரம். ரெண்டு தரம் எழுதித் தவறிப்போச்சு. போன வருசம் கல்விக் கந்தோரில சொல்லிப்போட்டினம், இந்த முறையும் இல்லையெண்டால் அந்த இடத்துக்கு வேற ஆள் எண்டு. புருசன் இல்லாத மனுசி, அந்தச் சம்பளத்திலதான் அடுப்பு எரியுது.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் சொல்லிக்குடுக்கத் தொடங்கினன். ஒரு நாள், மெழுகு குறைஞ்ச சூட்டில உருகும், உப்பு உருகாது எண்டு செய்து காட்டினதில பீக்கர் முழுக்க மெழுகு. சுடுதண்ணியில சவுக்காரம் போட்டுத் தேயுங்கோ எண்டன். அவா கேக்கேல்லை, சீலைத்துண்டில மண்ணெண்ணெய் தொட்டு ரெண்டு இழுவை, பீக்கர் பளிச்செண்டு வந்திட்டுது. மாதா கோயில் பீடத்து மெழுகை இப்பிடித்தான் எடுக்கிறவாவாம். தண்ணியில கரையாத பங்கீட்டுப் பதார்த்தம் மண்ணெண்ணெயில கரையும், ஒரு முழுக் கேள்விக்கு விடை அது. பிறகேன் அக்கா பெயில் எண்டு கேட்டன். அவா கையைத் துடைச்சுக்கொண்டு சொன்னா: “கைக்குத் தெரியும் டீச்சர், பேப்பரிலதான் வராது.”

ஒரு மீனும் ரெண்டு கூடையும்

பேப்பரில வராத இடம் எதெண்டு கண்டுபிடிக்க ஒரு கிழமை போச்சு. குளோரீன் மூலக்கூறு. ரெண்டு அணு, ஒவ்வொண்டின்ர வெளி ஓட்டிலயும் ஏழு இலத்திரன். ஆளுக்கொண்டு போட்டு ஒரு சோடியைப் பங்கிட்டால் ரெண்டுக்கும் எட்டு வரும். புள்ளி வைச்சுக் காட்டினன். மரீனா அக்கா விரலால எண்ணிப்போட்டு, மொத்தம் பதினாலுதானே இருக்கு, எட்டும் எட்டும் பதினாறு எங்கால எண்டு கேட்டா. நடுவில இருக்கிற சோடியை ரெண்டு பக்கமும் எண்ணவேணும் எண்டன். அவவுக்கு அது களவு. ஒரு மீனை ரெண்டு கூடையில எண்ணினால் கரையில அடிதான் விழுமாம். அதாலதான் ரெண்டு சோதனையிலயும் ஏழு ஏழெண்டு நேர்மையா எழுதிப்போட்டு வந்திருக்கிறா.

நாலு நாள் இதே சண்டை. அஞ்சாம் நாள் சோக்கட்டியை எறிஞ்சுபோட்டு, உங்களுக்கு எத்தினை பிள்ளை எண்டு கேட்டன். ஒண்டு, ஜெனி எண்டா. பக்கத்து வீட்டில இருக்கிற உங்கட கூடப்பிறந்த ரீட்டா அக்காவுக்கு எண்டன். ரீட்டா அக்கா பெறேல்லை, ஆனால் ஜெனி இங்க சாப்பிட்டு அங்க படுக்கிற பிள்ளை. அவவுக்கும் ஒண்டு எண்டா. அப்ப ரெண்டு வீட்டிலயும் சேத்து எத்தினை எண்டன். ஒண்டுதான் எண்டு சொல்ல வந்தவா, சொல்லைப் பாதியில விட்டிட்டுக் கொப்பியைக் கிட்ட இழுத்தா. பிறகு பென்சிலை எடுத்து, நடுச்சோடியை உள்ளுக்கு விட்டு இந்தப் பக்கம் ஒரு வட்டம், அந்தப் பக்கம் ஒரு வட்டம். ரெண்டிலயும் எட்டு. எனக்குக் கண் கலங்கிப்போச்சு. அவா என்னை ஏசினா: “இதைப் பிள்ளையெண்டு முதலே சொல்லியிருந்தால் நான் ரெண்டு தரம் பெயில் விட்டிருப்பனோ டீச்சர்?”

கடைசிச் சோதனை

சோதனை நடந்த அண்டைக்கு மண்டப வாசலில காத்து நிண்டன். குளோரீன் வந்ததாம், எட்டு எட்டாம். சீனிக் கரைசலும் பல்ப்பும் வந்ததாம். என்ன எழுதினீங்கள் எண்டு அவசரமாக் கேட்டன், என்ர பல்ப் எரிஞ்சதைக் கண்ட மனுசியெல்லோ. எரியாது எண்டுதான் எழுதினவாவாம். ஆனால் எங்கட கிணத்துத் தண்ணியெண்டால் எரியும் எண்டு கீழ ஒரு வரியும் போட்டவாவாம். திருத்திறவர் எந்த ஊர்த் தண்ணி குடிச்சவரோ எண்டு மூண்டு மாசம் எனக்கு நித்திரையில்லை.

சோதனைப் பெறுபேறு வந்த அண்டைக்கு மரீனா அக்காவின்ர போனுக்கு அடிச்சன். எடுத்தது ரீட்டா அக்கா. தங்கச்சி கோயிலில அழுதுகொண்டிருக்கிறாவாம். பெறுபேறு என்ன எண்டு கேட்டன். ரீட்டா அக்கா சொன்னா: “எங்கட ரெண்டு வீட்டிலயும் பாஸ் டீச்சர்.”

ஒரு சோடியை ரெண்டு பேர்தான் எண்ணலாம் எண்டு பத்து வருசமாப் படிப்பிக்கிற நான், அந்த ஒரு பாஸை மூண்டாவது ஆளா என்ர பக்கத்திலயும் களவா எண்ணி வைச்சிருக்கிறன்.