அனிதா டீச்சரின் காதில் கேட்ட இரைச்சல்

வரதராஜன்பேட்டையில் விளையாட்டு ஆசிரியை அனிதா மேரி விசில் ஊதினால் தெருநாய்கூட வரிசையில் நிற்கும் என்பார்கள். போன ஆடியில் அவளுடைய வலது காதுக்குள் ஓர் இரைச்சல் குடியேறியது. உஸ்... உஸ்... என்று நாடித் துடிப்போடு சேர்ந்தே அடித்தது.

மோட்டார் ஓடுகிறது என்று நினைத்தாள். கணவர் மரிய ஆல்பர்ட் மோட்டாரை நிறுத்தினார், ஃபிரிட்ஜை நிறுத்தினார், கடைசியில் மெயினையே அணைத்தார். புழுக்கம் வந்ததே தவிர சத்தம் போகவில்லை.

"கொஞ்சம் காதை வச்சுத்தான் பாருங்களேன்."

அவள் காதோடு காது ஒட்டி நின்றார். "எனக்குக் குழம்பு கொதிக்கிறதுதான் கேக்குது."

ஒருநாள் கழுத்தின் பக்கவாட்டில் விரலை அழுத்தினாள். சத்தம் நின்றது. விரலை எடுத்தாள், மறுபடி வந்தது. சிரிப்புத் தாங்கவில்லை அவளுக்கு. "ஏங்க, சுவிச்சு கெடைச்சிருச்சு."

ஆனால் தலைவலி கூடிக்கொண்டே போனது. ஷூ கட்டக் குனிந்தால் கண் இருட்டியது. ஆல்பர்ட் பயந்துபோய் அவளைத் திருச்சிக்குக் காரில் கூட்டிப்போனார்.

நரம்பியல் டாக்டர் பானுப்ரியா ஸ்கேனைக் காட்டினார். "மூளையைச் சுத்தி ஒரு நீர் இருக்குங்க டீச்சர். ஊறிக்கிட்டே இருக்கும். கெட்ட ரத்தம் வடியுற குழாய்ல கலந்துதான் அது வெளிய போவணும். உங்களுக்கு அந்தக் குழாய் ஒரு எடத்துல சுருங்கிப்போச்சு. ரத்தம் இடுக்குல பாயுறதுதான் இந்த சத்தம். நீர் வடிய முடியாம தேங்குது, தேங்குனது குழாயை இன்னும் அழுத்துது. கண் நரம்பும் வீங்கியிருக்கு."

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லீங்களா?"

"சத்தியமா இல்லீங்க."

அந்த ஒரு வார்த்தைக்கே அவளுக்குத் துள்ள வேண்டும்போல் இருந்தது.

மாத்திரைகள் போதவில்லை. தொடை வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, சுருங்கிய இடத்தில் சின்ன வலைக்குழாய் ஒன்றை விரித்து வைத்தார்கள். கண் விழித்தவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஃபேன் கிறீச்சிட்டது. வராந்தாவில் தட்டு ஒன்று உருண்டது. ஆல்பர்ட் மூக்கை உறிஞ்சினார். வேறெதுவும் கேட்கவில்லை.

"அழுவாதீங்க," என்று சிரித்தாள். "ரெண்டு காதுலயும் ஸ்டீரியோவுல கேக்குது."

மாத்திரையைத் தொடர வேண்டும், கண்ணை மறுபடி காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பும் வழியில் அரியலூர் தாண்டி ரயில்வே கேட் அடைத்திருந்தது. காரிலிருந்து இறங்கி கேட் பக்கத்தில் போய் நின்றாள். சரக்கு ரயில் தடதடத்துப் போக, ஒவ்வொரு பெட்டிக்கும் கைதட்டினாள்.

"ஏறு அனிதா, ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டுமே," என்றாள். அவரும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.