எல்டன் ஷிமெக்கும் எறியாத பந்தும்

எல்டன் ஷிமெக்கிடம் பந்தை எறிவது பற்றிப் பேச்செடுத்தால் காபி ஆறிப்போகும், பேச்சு ஆறாது. தானியக் கிடங்கில் காலையில் கூடும் எங்கள் மேஜையில் அவனுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. என் தலையெழுத்து.

எங்கள் ஊர் ஃபுட்பாலில் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், இல்லை தூரத்தில் ஓடுகிற கூட்டாளிக்கு எறியலாம். எங்கள் வில்லோ ஃபோர்க் கல்லூரியின் கோச் டால்பர்க் எறியவே விடமாட்டார். கையில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் முட்டி மோதி மூன்று கஜம், எழுந்து மறுபடியும் மூன்று கஜம். என்ன வரப்போகிறது என்று எதிரணிக்குத் தெரியும், அரங்கத்தில் சோளப்பொரி விற்பவனுக்கும் தெரியும். ஆரம்பத்தில் அப்படியே ஜெயித்தோம். பிறகு அப்படியே தோற்றோம். ஊரே டால்பர்க்கைக் கரித்துக்கொட்டியது, எல்டன் ஒருவனைத் தவிர.

"பந்து காத்துல போறப்போ அது யாருக்கும் சொந்தமில்ல. கையில இருக்கிற வரைக்கும்தான் நம்மளுது" என்பான்.

"ஆமாய்யா, நம்மளுதுதான். கையில வெச்சுக்கிட்டே தோத்துட்டு வர்றோமே, அதான் பெருமை" என்று டிராக்டர் மெக்கானிக் வென்டெல் சீண்டுவான். மேஜையே சிரிக்கும்.

எல்டனால் சிரிக்க முடியாது. அவன் மகன் கர்ட்டிஸுக்குக் கை என்றால் அப்படி ஒரு கை. பள்ளியில் அவன் எறிந்த பந்து சொன்ன இடத்தில் போய் விழும். எறிந்து ஆடும் கல்லூரி ஒன்று கொலராடோவிலிருந்து அவனைக் கூப்பிட்டது. எல்டன் விடவில்லை. "டால்பர்க்கிட்ட போ, ஆளாக்கி அனுப்புவார்" என்று ஒற்றைக்காலில் நின்று வில்லோ ஃபோர்க்கில் சேர்த்தான். அங்கே இருந்த காலம் பூராவும் பையன் பந்தை வாங்கிப் பக்கத்தில் ஓடுகிறவன் வயிற்றில் திணித்துக்கொண்டிருந்தான். படிப்பு முடிந்ததும் கொலராடோவுக்கே போய்விட்டான், கூரை போடும் வேலைக்கு. கிறிஸ்துமஸுக்கு அம்மாவுக்கு மட்டும் போன் வரும்.

ஆக, டால்பர்க் சரியாக இருந்தே ஆக வேண்டும். அவர் செய்தது தப்பென்றால் எல்டன் மகனுக்குச் செய்ததும் தப்பு. மேஜையில் எல்லோருக்கும் இது தெரியும். வென்டெலுக்கும் தெரியும், அதனால்தான் அந்தப் பயல்மேல் எனக்கு எரிச்சல்.

போன நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள், கடைசி ஆட்டம். தோற்றால் டால்பர்க் மூட்டை கட்டலாம் என்று கல்லூரி வெளிப்படையாகவே சொல்லியிருந்தது. இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து எல்டனால் அரங்கத்துப் படி ஏற முடியாது. அவன் வீட்டு ஹாலில் உட்கார்ந்தோம். அவன் மனைவி டார்லிஸ் இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லி சூப்பும் இனிப்புச் சின்னமன் ரோலும் கொண்டுவந்து வைத்தாள். எல்லா வீட்டிலும் செய்கிற மாதிரி டி.வி.யின் வாயைக் கட்டிவிட்டு ரேடியோவைத் திறந்தோம். டி.வி.யில் பேசுகிறவன் வெளியூர்க்காரன், ரேடியோக்காரன் நம்ம ஆள். தொல்லை என்னவென்றால் ரேடியோ படத்தை முந்திக்கொள்ளும். அதில் ஆட்டம் முடிந்திருக்கும், படத்தில் இன்னும் குனிந்து நிற்பார்கள்.

கடைசி நிமிடம். நாலு புள்ளி பின்தங்கியிருந்தோம். எல்லைக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி; அதற்கு இன்னும் பத்து கஜம், மிச்சம் ஒரே வாய்ப்பு.

"ஓடத்தான் விடுவார், பாரு. தோத்தாலும் ஓடித்தான் தோப்பார்" என்றான் எல்டன்.

ரேடியோ அலறியது. "எறியுறான்! டால்பர்க் எறியச் சொல்லிட்டாரு! புடிச்சிட்டான்! ஜெயிச்சிட்டோம்!"

படத்தில் இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை. பையன்கள் வரிசையில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். எல்டன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

"அவன்கிட்ட குடுடா. வயித்துல குடு. எறியாதடா" என்று படத்தைப் பார்த்துக் கெஞ்சினான். காதால் கேட்டுவிட்ட பிறகும் கெஞ்சினான். படத்துப் பையன் பின்வாங்கினான், கையை ஓங்கினான், எறிந்தான்.

தெருவில் கார்கள் ஹாரன் அடித்தன. துள்ளி எழுந்த நான் ஸ்பூனோடு மறுபடி உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ரேடியோவில் டால்பர்க்கே வந்தார். வேலை தப்பிய சந்தோஷம் குரலில் வழிந்தது.

"உள்ளதைச் சொன்னா, இதை எப்பவோ பண்ணியிருக்கணும். நல்ல கையிருந்த பசங்க நம்மகிட்ட இருந்தாங்க. நான்தான் வீணடிச்சிட்டேன்" என்றார். பெரிய மனுஷர், சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரேடியோவை அணைத்தேன். அதை முன்னாலேயே செய்திருக்க வேண்டும்.

அப்போது போன் அடித்தது. எடுத்த டார்லிஸின் முகம் மலர்ந்தது. "எல்டன், நம்ம கர்ட்டிஸ்! மேட்ச் பார்த்தானாம். உன்கிட்ட பேசணுமாம்."

அந்தப் பையன் அப்பாவிடம் பேச வேண்டும் என்று கேட்டுப் பல வருடம் ஆகிறது. குத்திக்காட்டக் கூப்பிட்டானா, சமாதானத்துக்குக் கூப்பிட்டானா, எனக்குத் தெரியாது. டார்லிஸ் போனை நீட்டினாள். எல்டன் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"நான் தூங்குறேன்னு சொல்லு" என்றான், முன்பு அரங்கத்தில் கத்திய அதே குரலில். பட்டப்பகல் மூன்று மணிக்கு.

"அவனுக்குக் கேட்டுடுச்சு, எல்டன்" என்றாள் டார்லிஸ். போனை மறுபடி காதில் வைத்தாள். "கர்ட்டிஸ்? கண்ணா?" போனைக் கீழே வைத்தாள்.

"வெச்சிட்டான்."

வாய் கட்டிய டி.வி.யில் அந்த ஒரே எறிதலைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எல்டன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.