நவாசின் பெயரில் இருந்த ஏலம்

நவாசின் மறைவு எனக்கு ஒரு கேள்வியாகவே வந்து சேர்ந்தது. "சேர், நவாஸ் காக்கா மௌத்தாம். இண்டைக்கு ஏலம் நடக்குமோ?" அவருடைய இணைய ஏலப் பக்கத்துக்கு விவரம் எழுதுபவன் என்று என்னை அறிந்த யாரோ கைப்பேசிக்கு அனுப்பியிருந்தார். நிலாவெளியில் ஒரு கூட்டத்தில் முழங்கிவிட்டு அப்போதுதான் மேடையிலிருந்து இறங்கியிருந்தேன். கிண்ணியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்லடக்கம் முடிந்திருந்தது. பந்தலின் கதிரைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அழுகை வரவில்லை. ஒரு கதிரையை நானும் தூக்கிக் கொடுத்தேன்.

இந்த ஏலப் பக்கத்தில் அவரிடம் வாங்கிய உங்களில் பலர் அவரை நேரில் கண்டதில்லை. உட்துறைமுக வீதியில் சிறியதொரு கடை. வெளிநாட்டுப் பழைய உடுப்புப் பொதிகளை அவிழ்த்து, மேலை இசைக்குழுக்களின் பெயர் பொறித்த டீசேட்டுகளைப் பொறுக்கி, கட்டுக் கட்டாக இணையத்தில் ஏலம் விடுவார். அக்குழுக்களின் பாட்டொன்றையாவது கேட்டதுண்டா என்றேன் ஒருநாள். "பாட்டு எனக்கு விளங்காது சேர். ஒருத்தன் ஆசையாப் போட்டுப் போட்டு வெளிறின சட்டை எதுவெண்டு விளங்கும்."

விவரம் எழுதித் தரக் கேட்டவரும் அவரே. "மண்டையோட்டின் கண்களில் கனல் பறக்க, காலத்தை வென்று நிற்கும் கருஞ்சட்டை!" என்று எழுதினேன். நெடுநேரம் சிரித்தார். "மேடையிலயெண்டா கைதட்டுவாங்க சேர். இங்க சட்டையத் திருப்பி அனுப்புவாங்க. கக்கத்துக்குக் கீழ நூல் விட்டிருக்கு, அத எழுதுங்க."

அவரை அடக்கிய அன்றும் ஒரு கட்டு ஏலத்தில் இருந்தது. விலைகள் ஏறிக்கொண்டிருந்தன. அவர் மனைவி ரிசானாவின் தம்பி இர்பான் என்னை ஓரமாக அழைத்தார். "மச்சான் இல்லையெண்டு எழுதினா ஒருத்தனும் கேக்க மாட்டான் சேர். ராத்தாவும் புள்ளையளும் என்னத்தத் திங்கிற? அவர் கதைக்கிற மாதிரியே நீங்க பதில் போடுங்க. உங்களுக்கு ஏலாததா?"

என்னால் இயலும். அதுதான் அச்சமாக இருந்தது.

கணவனை இழந்தவர் இருக்கும் இத்தாவில் இருந்த ரிசானா, கதவுக்கு உள்ளிருந்து பேசினார். "மௌத்தானவருக்கிட்ட அவங்க ஏலம் கேக்கப்படாது. உள்ளதச் சொல்லிப்போட்டு, என்ட பேரில போடுங்க சேர். கேக்கிறவங்க கேக்கட்டும்."

எத்தனையோ இரங்கற் கூட்டங்களை அழவைத்தவன் நான். அன்று எழுதியது இவ்வளவே: "நவாஸ் இன்று காலமானார். இந்த ஏலத்தை இனி அவர் மனைவி ரிசானா நடத்துவார்."

மிகுந்த விலை கேட்டிருந்தவர் விலகிக்கொண்டார். அவரை நான் நோகவில்லை. அதன்பின் ஒன்றும் வரவில்லை. இர்பான் என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். பிறகு, இரண்டாவதாக நின்றவர் தம் விலையைக் குறைக்காமல் எழுதினார்: "அக்கா, எனக்கே தாங்கோ." கட்டு அவருக்குப் போயிற்று. கதவுக்கு உள்ளே சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்ற ஒரு சொல் கேட்டது.

அடுத்த கட்டுக்கான படங்களை நவாஸ் முன்னரே எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும், சட்டையின் கழுத்தை விரித்துப் பிடித்த அவருடைய கட்டைவிரல். "வெட்டிப்போட்டுப் போடுவமா சேர்?" என்றார் இர்பான். வேண்டாம், ராத்தாவைக் கொண்டு புதிதாக எடுப்பியுங்கள் என்றேன். இப்போது நீங்கள் காணும் படங்கள் ரிசானா எடுத்தவை.

பழையவை என் கைப்பேசியில் இருக்கின்றன. சட்டைகள் எல்லாம் விலைபோய்விடும். அந்த விரலை நான் வைத்துக்கொள்கிறேன்.