எங்கள் பக்கம் பந்து இருந்தபோது

இரண்டாவது போட்டியில் அவன் அந்த நீளமான பந்தை எறிந்தபோது மைதானத்தில் பார்வையாளர்களாக நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம், ஒரு நாயும் இருந்தது. பந்து சுழன்றுகொண்டே எல்லோரையும் தாண்டிப் போய், ஓடிக்கொண்டிருந்த ஒருவனின் கைக்குள் தொப்பென்று விழுந்தது. அந்தச் சத்தம்கூடக் கேட்கிற அளவுக்கு அமைதி. பிறகு ஒன்பது பேரும் கைதட்டினோம். பக்கத்து வீட்டில் யாரோ கால்மிதியை மதிலில் தட்டித் தூசி போக்குவதுபோல் இருந்தது எங்கள் கைதட்டல். அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தோன்றியது: இவனுக்கு ஒரு பாண்ட் வாத்தியக் குழு வேண்டும். ட்ரம்பெட், பெரிய மேளம், ஆட்டம், எல்லாம் வேண்டும்.

அவன் என் சித்தியின் மகன். என்னைவிட இரண்டு வயது இளையவன், முதலாம் வருடம். இருவரும் மெல்பேர்ணில் ஒரே பல்கலைக்கழகம். இங்கே புட்போல் என்ற பெயருக்கு ஏற்கெனவே நாலு விளையாட்டு சண்டை பிடிக்கின்றன. அவன் விளையாடுவது ஐந்தாவது. தலைக்கவசமும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு விளையாடும் அமெரிக்க வகை. அதற்கு இங்கே கிரிட்அயன் என்று பெயர். நாலு தடவைக்குள் பந்தைப் பத்து யார்டு முன்னே கொண்டுபோக வேண்டும், முடியாவிட்டால் பந்து மற்ற அணிக்குப் போய்விடும். சாரம் அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் பந்து முதலில் வருவது குவாட்டர்பேக் கைக்கு. எறிவதா, பக்கத்தில் ஓடுபவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று விநாடிக்குள் அவன் முடிவெடுக்க வேண்டும், அதுவும் நாலு தடியன்கள் தன்மேல் பாய்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே.

போன வருடம் வரை அந்த இடத்தில் இருந்தவன் அமெரிக்காவிலிருந்து ஒரு வருடப் படிப்புக்கு வந்த மாணவன். குளிர்காலத்தில் அவன் ஊருக்குத் திரும்பிவிட்டான். மிச்சம் இருந்தது ஒரு குழந்தை அணி. பாதிப்பேர் முதல் வருடம், ஒருவன் முழங்கால் கவசத்தை இன்னும் முன்பின்னாகப் போடுகிறவன். என் தம்பி பந்து பிடிக்கிறவனாகத்தான் சேர்ந்திருந்தான். ஒருநாள் வேலிக்கு அப்பால் போன பந்தை அங்கே நின்றே திருப்பி எறிந்திருக்கிறான். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து எறிந்து பழகிய கை. பயிற்றுநர் கையிலிருந்த கோப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை எறி என்றாராம்.

மூன்று போட்டி உனக்கு, அதற்குப் பிறகு முடிவெடுக்கிறேன் என்றார். ஏனென்றால் பிரிஸ்பேனிலிருந்து மாறி வந்த உயரமான ஒருவன் தோள் காயத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது போட்டிக்கு அவன் தயாராகிவிடுவான். மூன்று போட்டியில் தம்பி தன்னைக் காட்டினால் அந்த இடம் இந்த வருடம் முழுக்க அவனுக்கு.

எனக்கு அது போதுமாக இருந்தது. ஒரு விஷயம் பிடித்துவிட்டால் நான் அதற்குள்ளேயே குடியிருப்பவள். கிளென் வேவர்லி ரெயினில் போக வர விளையாட்டுக் காணொளிகள்தான். சட்டம் படித்தேன், சைகை படித்தேன், பக்கத்து இருக்கைக்காரருக்கும் விளங்கப்படுத்தினேன். இந்த வருடம் இறுதிப்போட்டி நிச்சயம் என்று எல்லோரிடமும் சொன்னேன். முதல் போட்டியில் தோற்றபோது, "நல்ல தோல்வி" என்று சொன்னேன். இரண்டாவதில் வென்றோம். நாயோடு வரும் கிழவர் என்னிடம் தம்பியைக் காட்டி, இந்தப் பையன்தான், எழுதி வைத்துக்கொள் என்றார். நான் உண்மையாகவே எழுதி வைத்தேன், தேதி போட்டு.

ஒன்றை மட்டும் எழுதி வைக்கவில்லை. முதல் போட்டியன்று வாகனத் தரிப்பிடத்தில், சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே அவன் சொன்னது.

"அக்கா, எங்கட பக்கம் பந்து இருக்கேக்க சத்தம் போடக்கூடாது, சரியோ. நான் சொல்லுற எண்ணிக்கை லைனில நிக்கிற பெடியளுக்குக் கேக்கோணும். அவங்களிட்ட பந்து போனாப் பிறகு நல்லாக் கத்துங்கோ."

"நாங்க ஒன்பது பேர் கத்தி என்னடா நடக்கப்போகுது?"

"அதுவும் சரிதான்," என்று சிரித்தான்.

குவாட்டர்பேக் எண்ணுவதைக் கேட்டுத்தான் அணி ஒன்றாகப் பாயும், பந்து அசையுமுன் ஒருவன் பாய்ந்தால் தண்டனை. அதனால் இந்த விளையாட்டில் ஓர் எழுதாத வழக்கம். சொந்த அணியிடம் பந்து இருக்கும்போது சொந்த ரசிகர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், எதிரணியிடம் போனதும் காது கிழியக் கத்துவார்கள். நம் ஆட்களுக்கு இது தலைகீழ். நம்மவன் மட்டை பிடிக்கும்போதுதானே மேளம் அடிப்போம். அவன் அடிக்க அடிக்க நாங்களும் அடிப்போம்.

சித்தப்பா மன்னார்க்காரர். பள்ளிக்கூடத்துப் பெரிய கிரிக்கெட் மேட்ச்களில் மூன்று நாளும் ட்ரம்பெட் ஊதியவர். அதற்குப் பிறகு பல நாடு மாறி, படகேறி, முகாமில் இருந்து, இப்போது கிரெய்கிபர்னில் வீடும் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் சனிக்கிழமை வேலையும். ஊதுகிற பழக்கம் போகவில்லை, ட்ரம்பெட் மட்டும் புதிது. மாதா கோயில் திருநாளில் அவரும் மூன்று கூட்டாளிகளும் பைலா வாசித்தால் பாதிரியாரின் காலும் தாளம் போடும். மகனின் விளையாட்டை அவர் ஒருமுறையும் பார்த்ததில்லை.

"எலும்பு முறிக்கிற விளையாட்டு அது," என்றார், நான் கேட்கப் போனபோது. "கிரிக்கெட்ட விட்டுட்டு ஏன் அதுக்குள்ள போனவன்?"

"சித்தப்பா, அவன்தான் இப்ப அங்க கப்டன் மாதிரி. அவன் கையில பந்து வராமல் ஒண்டும் துடங்காது."

"ஓமோ?"

"ஓம். ஆனால் கைதட்டக்கூட ஆக்கள் இல்லை. நீங்க பாண்டோட வந்தால் எப்படி இருக்கும் எண்டு யோசியுங்கோ."

அவர் எழுந்தார். அறைக்குள் போனார். ட்ரம்பெட் பெட்டியின் கொக்கி திறக்கும் சத்தம் கேட்டது. குசினிக்குள்ளிருந்து சித்தி, "துடங்கீற்றார்," என்றாள்.

தம்பிக்குச் சொல்லவேண்டாம் என்றேன். திடீர் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எல்லாம் திருந்தியிருக்கும்.

மூன்றாவது போட்டி. வசந்தகாலம், தரிப்பிடத்து யூகலிப்டஸ் மரத்தில் கூடு கட்டியிருந்த மக்பைப் பறவை போகிற வருகிறவர் தலையையெல்லாம் கொத்த வந்தது. சித்தப்பா ஒரு மணிக்கு வேலை முடித்து இரண்டு மணிக்கு வந்திருக்க வேண்டும். பெரிய மேளம் கோயில் மண்டபத்தில், பூட்டிய மண்டபத்தின் திறப்பு ஓர் அங்கிளிடம், அந்த அங்கிள் ஒரு ஞானஸ்நான வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் "வந்துகொண்டிருக்கிறம், பிள்ளை" என்றார்கள். வீட்டு வாசலைத் தாண்டாதவனும் சொல்லுகிற வசனம் அது.

அவர்கள் வருமுன் நடந்த அந்த ஆட்டத்தையெல்லாம் நான் இப்போதும் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். அவன் அப்படி விளையாடி நான் பார்த்ததில்லை. ஒருவன் காலைப் பிடித்து இழுக்க, விழுந்துகொண்டே எறிந்தான், அது புள்ளியாயிற்று. கிழவர் என் முதுகில் தட்டினார். நாய்கூட எழுந்து நின்றது. உயரமானவன் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, பயிற்றுநர் அவன் பக்கம் திரும்பவேயில்லை.

கடைசிப் பகுதியில் நாலு புள்ளி பின்னால் இருந்தோம். ஒரு நிமிடத்துக்கும் குறைவு. தம்பி அணியை எதிரணிக் கோட்டுக்கு ஆறு யார்டு வரை கொண்டுவந்துவிட்டான். மூன்று தடவை முடிந்துவிட்டது, நாலாவதுதான் மிச்சம். அதில் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, வெற்றி. வருடம் முழுக்க அந்த இடம் அவனுக்கு.

அப்போது தரிப்பிடத்தில் மூன்று வான் வந்து நின்றன. இருபத்தைந்து பேராவது இருக்கும். அன்ரிமார், அங்கிள்மார், ஒரு சட்டி நிறைய ரோல்ஸ். சித்தப்பா தொழிற்சாலைச் சீருடையிலேயே ட்ரம்பெட்டோடு முன்னால் ஓடிவந்தார். கயிற்றுக்கு இந்தப்பக்கம், மைதானத்தின் அந்தக் கடைசிக் கோட்டுக்கு நேர் பின்னால், அவர்களுக்கு நல்ல இடம் கிடைத்தது.

"பிள்ளை, எது எங்கட பெடியள்?"

"நீலம். பந்து எங்களிட்டதான் இருக்கு, சித்தப்பா. கடைசிச் சான்ஸ்."

அதைச் சொன்னது நான்தான்.

"பந்து எங்களிட்டயாம், அடியுங்கோடா," என்று அவர் திரும்பிச் சொன்னார்.

அந்த மேளம் என் நெஞ்செலும்புக்குள் இடித்தது. ட்ரம்பெட் அதற்கு மேலே ஏறியது. அவ்வளவு அழகாக அவர் ஊதி நான் கேட்டதில்லை. தம்பி குனிந்து எண்ணத் தொடங்கினான். அவன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. லைனில் நின்ற ஒருவன், முழங்கால் கவசத்தை மாற்றிப் போடுகிறவன், பந்து அசையுமுன் பாய்ந்துவிட்டான். விசில். தண்டனை, ஐந்து யார்டு பின்னால் போய் அதே நாலாவது தடவை.

தம்பி எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்தான். அப்பாவைக் கண்டான். ஒரு விநாடி அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், அதை நான் கற்பனை செய்யவில்லை. பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் கீழ்நோக்கி வைத்து மெல்ல மெல்ல அமுக்கிக் காட்டினான். அமைதி, அமைதி என்று. மேளம் போய்க்கொண்டிருந்த தாளத்துக்கு அந்தக் கைகள் அப்படியே பொருந்தின.

"பாரடா, பெடியன் ஆடுறான்," என்று மேளக்கார அங்கிள் கத்தினார். அன்ரிமாரும் இரண்டு கையையும் அதேபோல் அசைத்து ஆடத் தொடங்கினார்கள். சித்தப்பாவின் கண் கலங்கியிருந்தது. இன்னும் பலமாக ஊதினார்.

எனக்கு அப்போதுதான் தரிப்பிடத்தில் அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. "நிப்பாட்டுங்கோ, சித்தப்பா," என்று அவர் கையைப் பிடித்தேன். நானும் ஆடுகிறேன் என்று நினைத்து அவர் என் கையைத் தன் கையோடு சேர்த்துத் தூக்கினார்.

மறுபடியும் ஒருவன் முந்திப் பாய்ந்தான். இன்னொரு ஐந்து யார்டு. ஆறாக இருந்தது பதினாறாயிற்று. பெரிய அணிகள் இப்படிச் சத்தத்துக்குள் கையசைவால் ஆட்டத்தைத் தொடங்கப் பழகியிருக்கும். ஒன்பது பேர் முன்னால் விளையாடுகிற அணி அதைப் பழகி என்ன செய்ய? கடைசியில் அவன் எறிந்தான். நல்ல எறிதான். பிடிக்கவேண்டியவன் அரை விநாடி தாமதமாக ஓடத் தொடங்கியிருந்தான். எதிரணிக்காரன் பிடித்தான்.

சித்தப்பா அதற்கும் ஊதினார். யாரோ பந்தைப் பிடித்துவிட்டார்களே.

ஆட்டம் முடிந்ததும் அவரே மைதானத்துக்குள் போய், சேறும் வியர்வையுமாக நின்றவனைக் கட்டிப்பிடித்தார். "எறிவையடா நீ. நான் பாத்தனான்," என்றார். தோற்றதுகூட அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தியபோது, "ஏன், கடைசியா என்ன பிழைச்சது?" என்று கேட்டார். தம்பி தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே, "தோள் கொஞ்சம் நோகுது, அப்பா," என்றான். ரோல்ஸ் சாப்பிட்டான். மேளக்கார அங்கிளுக்கு நன்றி சொன்னான்.

கோபம் வந்தால் அவன் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவான். அன்று தரிப்பிடத்தில் என்னிடம் தமிழில்தான் பேசினான்.

"நான் சொன்னனான்தானே, அக்கா."

"ஓம்."

"அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ."

அவ்வளவுதான். மக்பை எங்கள் தலைக்கு மேல் இரண்டு தடவை வந்து போனது. இருவருமே குனியவில்லை.

நாலாவது போட்டிக்கு உயரமானவனின் பெயர் வந்தது. பயிற்றுநர் நேர்மையான மனிதர். கடைசி நிமிடத்தில் அணியை அடக்கி வைத்திருக்க ஒரு முதிர்ச்சி வேண்டும், இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்று சொன்னாராம். நான் போய் உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, "என்னெண்டு சொல்லுவீங்க, அப்பா ட்ரம்பெட் ஊதினதால எண்டோ?" என்றான் தம்பி. இப்போது அவன் வேலை, பந்தை உதைக்கிறவனுக்காக ஒரு முழங்காலில் அமர்ந்து பந்தை நிறுத்திப் பிடிப்பது. ஒரு போட்டியில் மூன்று நாலு தடவை, ஒவ்வொன்றும் இரண்டு விநாடி. அதையும் ஒழுங்காகச் செய்கிறான். கிழவர் அவனைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்பதில்லை, நாயைத் தடவிக்கொண்டு வேறெங்கோ பார்ப்பார்.

இது இத்தோடு முடிந்திருந்தால் நான் எப்படியாவது தாங்கியிருப்பேன். சித்தப்பா தொழிற்சாலையில் பேசிச் சனிக்கிழமை வேலையை ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். ஞாயிறு பூசையை விட்டுக்கொடுத்துச் சனிக்கிழமையை எடுத்திருக்கிறார். போட்டி எப்போது என்று ஒவ்வொரு கிழமையும் கேட்கிறார். தம்பி, இந்தக் கிழமை ஜீலோங்கில், அடுத்த கிழமை பலராட்டில் என்று ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். எல்லாம் எங்கள் பல்கலைக்கழகத்து மைதானத்திலேயே நடக்கின்றன. சித்தி சொன்னாள், சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் ட்ரம்பெட்டைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாராம்.

இந்தச் சனிக்கிழமை காலை கிரெய்கிபர்ன் போகலாம் என்று இருக்கிறேன். உண்மையைச் சொல்லி, குசினி மேசையில் கரண்டிகளை இரண்டு அணியாக அடுக்கி, எப்போது ஊதலாம், எப்போது ஊதக்கூடாது என்று சித்தப்பாவுக்குக் காட்டவேண்டும். எதிரணியிடம் பந்து இருக்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் ஊதலாம், அது எங்களுக்கு உதவி. ஆனால் அந்த நேரமெல்லாம் மகன் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பான். அவன் உள்ளே வந்து முழங்காலில் அமர்கிற அந்த இரண்டு விநாடிக்கு, இவர் ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருக்கவேண்டும். அதை அவரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கத்தான் போகிறேன்.

அதற்கு முன் தம்பியிடம் கேட்கவேண்டும். இந்தமுறை திடீர் சந்தோஷம் எதுவும் கிடையாது. "சித்தப்பாவுக்குச் சொல்லப்போறன், சொல்லட்டோ?" என்று போனில் தட்டி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. ரெயின் கிளென் வேவர்லிக்கு வர இன்னும் இரண்டு தரிப்பு இருக்கிறது. இறங்கியதும் அனுப்புவேன். அவன் வேண்டாம் என்றால் போகமாட்டேன். ஓம் என்றால், கரண்டிகளோடு தொடங்குவேன்.